நடு மாடலின் ஓட்டுநர் இருக்கை

பந்தக்காவுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று அவள் புகுந்த வீட்டில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். அன்றைக்குக் கார் ஷோரூமில் நடந்ததைக் கேட்டுவிட்டு, கோபம் வரலாமா கூடாதா என்று நீங்களே சொல்லுங்கள்.

அவள் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். நடக்கச் சிரமப்படும் பிள்ளைகளின் வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுப்பதுதான் வேலை. காரின் பின்பக்கத்தை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய நீலப் பந்தும் அவளோடு ஊரெல்லாம் சுற்றும். பிள்ளைகள் பந்தக்கா என்று கூப்பிடப்போய் பெற்றவர்கள் வாயிலும் அதுவே நிலைத்துவிட்டது. பழைய பெட்ரோல் கார் இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருந்ததால், சின்னதாக ஒரு எலெக்ட்ரிக் எஸ்யூவி வாங்கலாம் என்று வீட்டில் முடிவாயிற்று. அதுவரை எல்லாம் சரி.

ஆனால் எந்த மாடல் என்று பார்க்கக் கிளம்பியவர்கள் யார் தெரியுமா? அவள் கணவரும் அவருடைய அண்ணனும். கணவருக்கு வண்டி ஓட்டவே தெரியாது. மூத்தாரோ அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் கார் வாங்கியவர், ஆகவே சக்கரம் வைத்த எதற்கும் அவர்தான் நாட்டாமை. அண்ணன் தம்பி இருவருமே நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரம். பந்தக்கா அவர்கள் தோளுக்குக்கூட எட்டமாட்டாள்.

அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் இருவரும் வீட்டில் அதே அளவில் உபரியாகக் கிடந்த இன்னொரு பந்தை ஊதித் தூக்கிக்கொண்டு ஷோரூமுக்குப் போனார்கள். வண்டியின் பின்னால் அதைத் திணித்து, திருப்பி, கதவை மூடித் திறந்து, கச்சிதமாக இருக்கிறது என்று தீர்ப்பு சொன்னார்கள். மூத்தார் ஓட்டிப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்த கணவர் கூரைக் கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்துக் கிறங்கிப்போனார். பேஸ் மாடலில் அந்தக் கண்ணாடி கிடையாது, டாப் மாடலின் விலை அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. நடு மாடலுக்கு முன்பணம் கட்டிவிட்டு, கோட்டையைப் பிடித்த முகத்தோடு வீடு திரும்பினார்கள். கலரை மட்டும் நீயே சொல்லிடு என்றார் கணவர், பெரிய மனது பண்ணி. பந்துக்கு இடம் பார்த்த மனுஷர்கள் ஓட்டப்போகிறவளை மறந்துபோனது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

அந்தக் கலரைச் சொல்லத்தான் அவள் அவர்களோடு வந்தாள். காட்சிக்கு நிறுத்தியிருந்த நடு மாடலில் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங்குக்கு மேலே டாஷ்போர்டு தெரிந்தது. அதற்கு மேலே எதிர்ச்சுவர்க் கடிகாரம் தெரிந்தது. இடையில் இருக்கவேண்டிய தரையைத்தான் காணோம். இருக்கையின் பக்கவாட்டில் கையை விட்டுத் துழாவினாள்.

"சீட்டை உயர்த்துற கைப்பிடி எங்க?"

விற்பனையாளர் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார். "அது டாப் மாடல்ல மட்டும்தான் சார்."

"கேட்டது நான்."

"சாரி மேடம். இதுல முன்னாடி பின்னாடி நகர்த்தலாம், சாய்க்கலாம். உயர்த்த முடியாது."

வாசலில் துருப்பிடித்து நிற்கும் அந்தப் பழைய டப்பாவில்கூட அந்தக் கைப்பிடி இருக்கிறது. இந்தப் புது வண்டியில் கதவோரம் கலர் கலராக விளக்கு எரிகிறது, கூரையில் வானம் தெரிகிறது. ஓட்டுகிறவள் ரோட்டைப் பார்க்கவேண்டும் என்றால் மட்டும் மேலே காசு வை. குட்டையாகப் பிறந்தவர்கள் எல்லாரும் பணக்காரர்களாகவும் பிறந்துவிடுவார்கள் என்று எந்த மகராசன் உட்கார்ந்து முடிவு செய்தானோ.

"ஒரு தலகாணி போட்டுக்கோம்மா, இதுக்குப் போய்," என்றார் மூத்தார்.

"பிரேக் போட்டா தலகாணி வழுக்கும் மாமா. பெல்ட்டும் இடுப்புல நிக்காது."

"முன்னாடி கேமரா இருக்கும்ல?" என்று கணவர் சமாதானத்துக்கு வந்தார். கேமராவும் டாப் மாடலில்தான் என்று விற்பனையாளர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

பேச்சு தடிப்பதைக் கண்டு மேனேஜர் வந்துசேர்ந்தார். "எவ்வளவோ லேடீஸ் இந்த வண்டி எடுத்துட்டுப் போறாங்க மேடம். ஓட்ட ஓட்டப் பழகிடும்."

பழகிடும். அந்த ஒரு சொல்லில் அவளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவள் போகிற வீடுகளைப் பற்றி இந்த ஆளுக்கு என்ன தெரியும்? பழைய கார் தெருமுனையில் இருமும்போதே பிள்ளைகள் வாசலுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு வருவாள், ஒருவன் தவழ்ந்து வருவான். பெரியவர்களும் சத்தம் கேட்டு ஓடிவந்து பிள்ளையைப் பிடித்துக்கொள்வார்கள். இந்த வண்டியோ பூனை மாதிரி சத்தமில்லாமல் வரும்.

"என்னங்க, கொஞ்சம் வண்டிக்கு முன்னாடி வாங்க. கீழ குத்துக்கால் போட்டு உக்காருங்க," என்றாள்.

கணவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சு பேசாமல் போய் உட்கார்ந்தார். "தெரியுதா?" என்று குரல் மட்டும் வந்தது.

"தெரியல. மாமா, நீங்களும் போங்க."

முனகிக்கொண்டே மூத்தார் போனார். விற்பனையாளர் தானாகவே போனார். மேனேஜர் மட்டும் டையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"நான் எதுக்கு மேடம்?"

"உக்காருங்க. பழகிடும்."

அவரும் உட்கார்ந்தார். பந்தக்கா நிமிர்ந்து பார்த்தாள். கடிகாரம் இருந்தது, கண்ணாடிக் கதவு இருந்தது, அதற்கப்பால் தெரு இருந்தது. நான்கு ஆண்களில் ஒருவர்கூட இல்லை.

"ஒருத்தரும் தெரியல," என்றாள். "என் பிள்ளைங்க உங்க இப்போதைய உயரம்தான். இது ஓடுற வண்டியா இருந்து, நான் காலை வச்சு அழுத்தினா என்ன ஆகும்னு யாராவது சொல்லுங்க."

கணவர்தான் முதலில் எழுந்து கதவருகே வந்தார். "நிஜமாவே இப்படி யாராவது முன்னாடி வந்திருக்காங்களா?"

"போன வாரம் ஒரு பையன் வாக்கர் இல்லாம முதல் தடவையா நடந்துட்டான்னு சொன்னேனே."

"ஆமா. அவ்வளவு சந்தோஷமா வந்து சொன்னியே."

"என் வண்டி சத்தத்தைக் கேட்டுத்தான் நடந்து வந்தான். எங்க வந்து நின்னான்னு உங்ககிட்ட சொல்லல. சீட்டு உயரமா இருந்ததால அவன் உச்சந்தலை தெரிஞ்சுது. அடிச்ச பிரேக்குல வண்டி நின்னப்போ அவனுக்கும் வண்டிக்கும் நடுவுல இவ்வளவுதான்."

அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் காட்டினாள். பந்து அந்த இடைவெளியில் நுழையாது.

கணவர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். மூத்தார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கட்டின முன்பணம் திரும்பி வராதே என்று ஆரம்பித்தார்.

"வராட்டிப் போகுது அண்ணா. அவ உக்காந்து பாக்காம நாம எப்படிக் கட்டினோம்?" என்றார் கணவர்.