காதால் பார்த்த படம்

கூரியர்காரர் பார்சலை மேசைமேல் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனதும் கண்ணகி முதலில் செய்த காரியம், கத்திரிக்கோலை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டியதுதான். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பிரித்துவிடுவோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. தனியாகப் பிரித்துக் கேட்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. தட்டு சேர்க்கும் கூட்டாளிகள் இரண்டு பேரும் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்கள் காதிலும் விழ வேண்டும். ரிஷிவந்தியத்துக்கும் தியாகதுருகத்துக்கும் போன் போட்டு, "வந்துடுச்சு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். என்ன வந்தது என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது பச்சையம்மன் சவுண்ட் சர்வீஸ். புருஷன் போன பிறகு கடையை விற்றுவிடச் சொன்னவர்கள் நிறையப் பேர். பொம்பளை ஏணி ஏறிக் குழாய் கட்டுவாளா என்றார்கள். கட்டினாள். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் அவளே வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு போனாள். கூம்புக் குழாய் கட்டக்கூடாது என்று போலீஸில் சொல்லி, ஊரெல்லாம் பெட்டி ஸ்பீக்கருக்கு மாறிய பிறகும், கடை மொட்டை மாடியில் இரண்டு குழாய்களை மலைப்பக்கம் பார்த்துக் கட்டியே வைத்திருந்தாள். ஆம்பிளிபயரைச் சோதிக்க என்று கேட்டவர்களுக்குச் சொல்வாள். கடைக்குள் மூன்று சுவரிலும் இசைத்தட்டு. அதனால்தான் தட்டு சேர்க்கும் பைத்தியங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே கூடின.

அவர்கள் இத்தனை வருஷமாகக் காத்திருந்தது ஒரு படத்தின் பின்னணி இசைக்கு. எழுபத்தெட்டில் கல்வராயன் மலையில் எடுத்த படம். ஓடவில்லை. பிரிண்டு எங்கேயும் இல்லை. பாட்டுத் தட்டு மட்டும் அப்போது வந்து, அதுவும் நாலைந்து பேரிடம்தான் இருக்கிறது. பாட்டை விடப் பின்னணிதான் உயிர் என்று படம் பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே அந்த இசைக்கு ஒரு பேர் ஏற்பட்டுவிட்டது. இசையமைத்தவர் இரண்டு படத்தோடு காணாமல் போனவர். அவர் மகள் வீட்டுப் பரணில் டேப் சுருள்கள் கிடைத்து, சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி அதைத் தட்டாகப் போடப்போகிறது என்று செய்தி வந்த நாளிலிருந்து இவர்கள் சரியாகத் தூங்கவில்லை. வெளியீட்டுத் தேதி தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அட்டை அச்சாகவில்லை என்றார்கள், பிறகு தட்டு அடிக்கும் மிஷின் வெளிநாட்டில் என்றார்கள்.

கண்ணகி அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. கச்சிராயபாளையம் டெண்டுக் கொட்டகையில் அது ஓடியபோது அவள் அம்மா சின்னக்கண்ணு கொட்டகைக்கு வெளியே வேர்க்கடலை வேகவைத்து விற்றாள். அடுப்புக்குச் சுள்ளி ஒடித்துப் போட்டபடி, படுதாவில் முதுகைச் சாய்த்து, ஓடிய நாளெல்லாம் ஒவ்வொரு ஆட்டமும் சிறுமி கண்ணகி படம் கேட்டாள். உள்ளே இருந்தவர்கள் மலையையும் குதிரையையும் பார்த்தார்கள். அவளுக்குக் குதிரை என்றால் தபலா, மழை என்றால் வயலின். அதில் ஓரிடத்தில் புல்லாங்குழல் மேலே போய் அப்படியே நின்றுவிடும். பேச்சு இருக்காது. அந்த அமைதிக்குள் ஒரு பெண் வார்த்தையில்லாமல் முனகுவாள். அழுகிறாளா, குழந்தையைத் தூங்கவைக்கிறாளா என்று தெரியாது. அப்போதெல்லாம் சின்னக்கண்ணு கிளறாமல் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அம்மா வேலையை நிறுத்தி நின்று கண்ணகி பார்த்தது வாழ்நாளில் அந்த ஓர் இடத்துக்குத்தான்.

"அப்பிடி ஒரு எடமே படத்துல கெடையாதும்மா" என்பார் தெய்வசிகாமணி. ரிஷிவந்தியத்தில் கரும்பும் நெல்லுமாக நிலம் வைத்திருப்பவர். படத்தைக் கள்ளக்குறிச்சியில் நாலு தடவை பார்த்தவர். "ஒரே மிஷின் வெச்ச டெண்டு. ரீல் மாத்தற நேரத்துல சனம் கூச்சல் போடாம இருக்க ஆபரேட்டர் ஏதாச்சும் தட்டு போட்டிருப்பான். அத நீ படம்னு நெனச்சுக்கினே." சேலத்துக்கோ விழுப்புரத்துக்கோ தட்டுக்காரர்கள் கூட்டத்துக்குப் போனால் அவளை அவர் அறிமுகப்படுத்தும் விதம் ஒன்று உண்டு. "இவங்க கண்ணகி. படத்தக் காதால பாத்தவங்க." எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள். சிரித்த வருஷங்களை நினைத்தால்தான் இப்போது ஆத்திரமாக வந்தது.

தெய்வசிகாமணி முதலில் வந்தார். தோளில் புது வேட்டி ஒன்று மடிப்புக் கலையாமல் கிடந்தது, தட்டைச் சுற்றி எடுத்துப்போக. பின்னாலேயே ஷேர் ஆட்டோவில் பொன்னுரங்கம் இறங்கினார். தியாகதுருகத்துக்காரர், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையிலும் ஒரு பை இருந்தது, உள்ளே பழைய பெட்ஷீட். இரண்டு பேரும் ஒருவர் மூட்டையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னாய்யா, நீ எதுக்கு வந்த?" என்றார் தெய்வசிகாமணி. "கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கினேன், இனிமே தட்டே வாங்கறதில்லன்னு சத்தியம் பண்ணியே."

"நீ மட்டும்? இந்த வெலைக்கு யாரு வாங்குவான்னு போன ஞாயித்துக்கெழம இங்கதான குந்திக்கினு சொன்ன."

"ரெண்டு பேரும் குந்துங்க" என்றாள் கண்ணகி. "ஒண்ணுதான் வந்திருக்குது. கம்பெனியிலேர்ந்து போன் பண்ணாங்க. ஒரு ஆளுக்கு ஒண்ணுதானாம். நம்ம மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம புக் பண்ணியிருக்கோம். வூட்டுல தெரிஞ்சா சண்டைன்னு நீங்க ரெண்டு பேரும் என் கடை பேரு, என் கடை விலாசம், என் கடை நம்பரு குடுத்திருக்கீங்க. நானும் அதையேதான் குடுத்தேன். ஒரே பொம்பள ஆசை அடங்காம மூணு வாட்டி கேக்கறான்னு கம்பெனிக்காரன் நெனச்சுட்டான். ரெண்டு ஆர்டர நீக்கிட்டு ஒண்ண அனுப்பினான்."

எண் போட்டுக் கொஞ்சமே அடித்த தட்டில் முதல் எண் மற்றவருக்குப் போய்விடக்கூடாது என்று மூன்று பேரும் தனித்தனியாகப் பட்ட பாடு அங்கே மேசைமேல் ஒரே அட்டைப் பெட்டியாக உட்கார்ந்திருந்தது.

வெளி அட்டையைக் கண்ணகி கையாலேயே கிழித்தாள். உள்ளே கண்ணாடிக் காகிதம் இறுக்கிச் சுற்றிய தட்டு. கருநீல அட்டையில் மலை, மூலையில் கையால் எழுதிய எண். தெய்வசிகாமணி மேல்துண்டால் விரல்களைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பொன்னுரங்கம் பின்பக்கம் அச்சாகியிருந்ததைப் படித்தார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்று மட்டும் இருந்தது. உள்ளே என்னென்ன என்று போடவில்லை.

"சரி, நம்ம பீரோவுல இருக்கட்டும்" என்றார் தெய்வசிகாமணி. "மூணு பேருக்கும் பொது. கன்னித்தட்டு. சீல ஒடச்சா அப்பறம் இது இன்னா, வெறும் தட்டு."

சீல் பிரிக்காத தட்டுக்கு அவர்கள் வைத்திருந்த பேர் அது. தெய்வசிகாமணியின் பீரோவில் அப்படி ஒரு அடுக்கே இருந்தது. பிரிக்க மாட்டார், போட மாட்டார், வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுவார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேரைக் கேட்டும் கேட்காதவள் மாதிரி கண்ணகி டீ ஊற்றியிருக்கிறாள்.

"கேக்கறதுக்குத்தானண்ணே இத்தன வருசமா காத்துக்கினு இருந்தோம்?"

"டேப்பிலேர்ந்து எடுத்தது செல்போன்லயே வரும்மா, கொஞ்ச நாளு போனா. அதுல கேட்டுக்க."

அப்போதுதான் வெள்ளிமலையிலிருந்து வேடியப்பன் வந்து வாசலில் நின்றான். பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து, மைக் செட் பேச வந்திருந்தான். உட்காரச் சொல்லிவிட்டு, தெய்வசிகாமணியின் கையிலிருந்து தட்டை அவள் வாங்கினாள். பார்க்க வாங்குகிறாள் என்று நினைத்து அவர் கொடுத்தார். ஒயர் சீவிச் சீவி உரம் ஏறிய கட்டைவிரல் நகத்தை அட்டையின் வாய்ப்பக்கம் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். கண்ணாடிக் காகிதம் கிழிந்த சத்தத்துக்கு இரண்டு பெரியவர்களும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"அடிப்பாவி" என்றார் பொன்னுரங்கம், மெதுவாக.

"எம் பேருல வந்துது. எங்கடையில வந்துது. கேஸு போடறதுன்னா போடுங்க சார், கோர்ட்டு பக்கத்துலதான இருக்குது."

முள் இறங்கியது. முதலில் வெறும் இரைச்சல், பிறகு தபலா. கண்ணகிக்கு முதுகில் படுதாவின் சொரசொரப்பு வந்தது. "குதிர வருது" என்றாள். வயலின்கள் இறங்கின. "மழ. அப்பன்காரன் வாசப்படியில நின்னுக்கினு, போவாதன்னு சொல்லுவான். இப்ப." அவள் சொன்ன இடத்தில் இசை ஒரு வார்த்தைக்கு இடம் விட்டதுபோல் தணிந்து மறுபடி ஏறியது. அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கதவு திறப்பது, அண்ணன்தம்பி சண்டை, பாலம். தெய்வசிகாமணி நின்றபடியே கேட்டார், பிறகு உட்கார்ந்தார். ஓரிடத்தில் தன்னை மறந்து, "இது இன்னா சீனும்மா?" என்று கேட்டுவிட்டார்.

"பாட்டு எப்பம்மா வரும்?" என்றான் வேடியப்பன். "வெறும் மேளமாவே போவுதே. காதுகுத்துக்கு இது வாணாம்மா, சனம் எழுந்து போயிடும்."

முதல் பக்கம் முடிந்தது. குழல் வரவில்லை. திருப்பிப் போட்டாள். மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். இரண்டாம் பக்கத்தில் குழல் வந்தது. ஏறியது. அவள் மூச்சைப் பிடித்தாள். குழல் நிற்காமல் அப்படியே இறங்கி, வயலின்களோடு கலந்து, கல்யாண மேளமாக மாறிவிட்டது. அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் எந்தப் பெண்ணும் வாய் திறக்கவில்லை. முள் நடுவில் போய் டக், டக் என்று இடித்துக்கொண்டிருந்தது.

"ஆச்சா?" என்றார் தெய்வசிகாமணி. அவர் குரலில் கேலி கூட இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "நான் அப்பவே சொன்னேன். அது ஆபரேட்டர் போட்ட தட்டும்மா. இல்ல, பசி மயக்கத்துல உனக்கு அப்பிடிக் கேட்டிருக்கும். சின்னப் புள்ளதான நீ."

கண்ணகி முள்ளை எடுத்துவிட்டாள். அவர் சொல்வது போலவும் இருக்கலாம். ஆபரேட்டர் போட்டிருக்கலாம். டேப் சுருளில் ஒன்று எலி தின்று போயிருக்கலாம். அதைக் கண்டுபிடித்துச் சொல்ல இனி யாரும் இல்லை, படமெடுத்த கம்பெனியும் இல்லை, படமும் இல்லை, அகப்பையோடு நின்றவளும் இல்லை. ஆனால் பசி மயக்கம் என்றது எங்கேயோ போய்க் குத்தியது. கடலை விற்ற பெண்பிள்ளைக்குக் காதில் விழுந்ததுகூடச் சொந்தமில்லையா? தட்டில் அச்சாகி வந்தால்தான் இருந்ததாக அர்த்தமா? இந்தத் தட்டும் அந்த டேப்பும் மறந்துபோனதை ஒருத்தி இத்தனை வருஷம் மறக்காமல் வைத்திருந்தால், எது அசல்?

ஆம்பிளிபயரில் மாடிக் குழாய்க்கான சுவிட்சைத் தட்டினாள். மேலே கரகரவென்று உயிர் வந்தது.

"இன்னா பண்ற?" என்றார் பொன்னுரங்கம். "போலீஸ்காரன் வருவான்."

"வரட்டும் சார். அவரும் கேக்கட்டும்."

"கண்ணகி, பஸ் ஸ்டாண்டே கேக்கும்மா" என்றார் தெய்வசிகாமணி.

"இல்லாதத ஊரு கேட்டா இன்னாண்ணே நஷ்டம்?"

மைக்கைக் கையில் எடுத்தாள். ஹலோ, ஒன், டூ என்று மட்டுமே அதில் பேசிப் பழகியவள். கண்ணை மூடிக்கொள்ளவில்லை, நேராகத் தெய்வசிகாமணியைப் பார்த்துக்கொண்டே அந்த வார்த்தையில்லாத முனகலை ஆரம்பித்தாள். முதல் இழுப்பு கரகரத்து உடைந்தது. அவள் நிறுத்தவில்லை. உடைந்த இடத்திலிருந்தே எடுத்து மேலே கொண்டுபோனாள். வேடியப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான். தெய்வசிகாமணி கிழிந்த கண்ணாடிக் காகிதத்தைப் பொறுக்கி எடுத்து, கசங்கல் போக முழங்காலில் வைத்து நீவிக்கொண்டிருந்தவர், ஓரிடத்தில் நீவாமல் இருந்தார்.

வெளியே வெள்ளிமலை பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. கூடைகளும் உரமூட்டைகளுமாக நெருக்கியடித்த கூட்டத்தில், ஜன்னலோரம் இருந்த ஒருத்தி தலையை வெளியே நீட்டி, குரல் எங்கிருந்து வருகிறது என்று அண்ணாந்து தேடினாள். பஸ் நகர்ந்து கடையைத் தாண்டியது. அவள் முகம் மட்டும் பின்னால் திரும்பிக்கொண்டே போயிற்று.