டிரைவர் மட்டும் உள்ளே

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என் கணவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அப்பேர்ப்பட்ட மாஸ்டரின் மனைவி லைசென்ஸ் தேர்வில் இரண்டு தடவை தோற்றாள் என்றால் ஊர் வாயை மூடிக்கொண்டா இருக்கும்? மூன்றாம் தடவை தேறினேன். அப்போது மட்டும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். முட்டி வலி, முதுகு வலி என்று முடங்கிக் கிடப்பவர்களை எழுப்பி நடக்க வைப்பது என் பிழைப்பு. மலையோரக் கிராமங்களுக்கு வீடு வீடாகப் போய்ப் பார்க்க ஆள் வேண்டும் என்று எங்கள் ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். கார் தருவார்கள், டிரைவர் கிடையாது. எட்டு வருடமாக ஒரே அறையில் ஒரே ஜன்னலைப் பார்த்துக் கிடந்தவளுக்கு அந்த வேலை மேல் கொள்ளை ஆசை. ஆனால் மழைக்காலத்து மலைப்பாதையை நினைத்தாலே பயம் பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமைக்குள் பெரிய டாக்டரிடம் பதில் சொல்ல வேண்டும்.

அதனால் எனக்கு நானே ஒரு தேர்வு வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை மலையேறுவது, மேலே தங்குவது, ஞாயிற்றுக்கிழமை இறங்குவது. முழுக்க நான்தான் ஓட்டுவேன். ஓட்டிவிட்டால் வேலைக்குச் சரி சொல்வேன். இல்லாவிட்டால் பழைய ஜன்னலே கதி.

எங்களிடம் இருப்பது டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்றுதான். அதில் மாஸ்டர் உட்காரும் இடப்பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும்.

"ரெண்டையும் தொடக் கூடாது" என்றேன்.

"சத்தியமா தொட மாட்டேன்மா" என்றார்.

நாத்தனாரும் கிளம்பிவிட்டாள். நூலகத்தில் வேலை. வாரம் முழுக்க மற்றவர்களைப் பேசாதே என்று அதட்டுகிறவள், தன் பங்குப் பேச்சையெல்லாம் சேர்த்து வைத்து வார இறுதியில் கொட்டுவாள். பயணத்துக்காகக் காரின் கூரையிலிருந்த ஸ்கூல் பலகையை மாஸ்டர் கழற்றியிருந்தார். போல்ட் இருந்த ஓட்டைகளை அடைக்க மறந்துவிட்டார். ஊர் எல்லையைத் தாண்டியதும் மழை பிடித்தது. ஓட்டைக்கு நேர் கீழே நாத்தனார்.

"அண்ணி, வெளியில பெய்யறத விட உள்ளதான் ஜாஸ்தியா பெய்யுது" என்று காருக்குள்ளேயே குடையை விரித்தாள். அப்புறம் குடையும் கையுமாக என் பின்பக்கம் நகர்ந்துகொண்டாள்.

என்ன சொல்ல, அப்படி ஒரு சனிக்கிழமை. இரண்டு பக்கமும் வயல்கள் கண்ணைப் பறிக்கும் பச்சை. நனைந்த மாடுகள் நடு ரோட்டில் நின்று, யாருடா இவள் என்று என்னைப் பார்த்தன. மலையில் திரும்பின பக்கமெல்லாம் புதிது புதிதாய் அருவிகள். ஏழு கொண்டை ஊசி வளைவு ஏறினேன். எட்டாவதில் முன்னால் போன பால் லாரி ஏற்றத்தின் நடுவே நின்றுவிட்டது. நானும் நின்றேன். ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதில்தான் இரண்டு தடவை தோற்றேன். லாரி நகர்ந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். கார் ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. வெண்ணெயாக ஏறியது!

மேலே ஒரு கடையில் சுட்ட சோளம் வாங்கிக்கொண்டு, கை ஈரம் காய்வதற்குள் பெரிய டாக்டருக்கு ஃபோன் போட்டேன்.

"நான் வர்றேன் டாக்டர். வண்டி நானே ஓட்டிக்கறேன்."

ஃபோனை வைத்தேன். நாத்தனார் சோளத்தைக் கடித்தபடி அண்ணனிடம் கேட்டாள்.

"ஏண்ணா, உனக்கு முட்டி வலியா? ஏத்தம் வந்தா போதும், முட்டி மேல போகுது, கீழ வருது. அண்ணிகிட்ட காட்டக் கூடாதா?"

முட்டிகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். காரணமில்லாமல் அவை மேலும் கீழும் போகாது. நான் மாஸ்டரைப் பார்த்தேன். மாஸ்டர் சோளத்தைப் பார்த்தார்.

"லாரி பின்னாடி நின்னப்பவும் நீங்கதான் பிரேக்க பிடிச்சீங்களா?"

"பதினெட்டு வருஷப் பழக்கம்மா. அந்த சீட்ல உக்காந்தா கால் தானா போகுது."

"உங்க கால் போகட்டும். என் வேலை போச்சே!"

"எத்தனையோ பேர் பக்கத்துல உக்காந்திருக்கேன், பயந்ததே இல்ல. நீ ஓட்டினா பயமா இருக்கு. உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு."

அதைக் கேட்டு உருகியிருக்கலாம். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. செய்யாத ஒன்றைச் செய்ததாக நம்பி, டாக்டரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறேன். திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக வர முடியாது என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை சாவியை அவரிடம் எறிந்துவிட்டு இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தேன். மேகம் ரோட்டில் இறங்கி வந்து வழி கேட்காத குறை. நான் எதையும் ரசிக்கவில்லை. நாத்தனார்கூடப் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு வழியாக இறங்கினோம். ஓர் ஓடையைத் தாண்டி ரோடு செங்குத்தாக ஏறுகிற இடத்தில் மண் சரிந்து, பாதி ரோட்டைக் காணவில்லை. சாலைப் பணியாளர் ஒருவர் சிவப்புக் கொடியோடு நின்றார்.

"ஓரம் வலுவா இல்ல. வெயிட் கூடாது. டிரைவர் மட்டும் உள்ள இருங்க, மத்தவங்க நடந்து ஏறுங்க."

நாத்தனார் குடையோடு இறங்கினாள். நானும் இறங்கினேன். அப்போதுதான் உறைத்தது. இடப்பக்கம் யாரும் இல்லாமல் இந்தக் கார் இதுவரை எனக்குக் கிடைத்ததே இல்லை.

சுற்றிப் போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"இறங்குங்க."

"வேணாம்மா. இது விளையாட்டு இல்ல."

"யாருங்க டிரைவர்? பின்னாடி வண்டி நிக்குது" என்றார் கொடிக்காரர்.

"நான்தான்" என்றேன்.

முதல் கியர். பாதி ஏற்றத்தில் சேறு சக்கரத்தைப் பிடித்தது. இன்ஜின் செத்தது. கார் பின்னால் நழுவியது. பிரேக்கை மிதித்து நிறுத்துவதற்குள் ஓர் அடி போய்விட்டது. வெளியே யாரோ கத்தினார்கள். பக்கத்து சீட்டைப் பார்த்தேன். காலி. பயத்தில் அழுகையே வந்துவிட்டது. அழுதுகொண்டே சாவியைத் திருப்பி, கை பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். கிளட்சை இழை இழையாக விட்டேன். காரின் மூக்கு லேசாக நிமிர்ந்தது. கை பிரேக்கை விட்டேன். போனது. நானே, நான் மட்டுமே, மேலே போனேன்.

உச்சியில் நிறுத்தி இறங்கினேன். வாயெல்லாம் சிரிப்பு.

மாஸ்டர் மழையில் ஓடி வந்தார். உடம்பெல்லாம் சேறு. இரண்டு கையாலும் பெரிய கல் ஒன்றை நெஞ்சோடு அணைத்திருந்தார். கார் நழுவியபோது சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கத் தூக்கியிருக்கிறார். வைப்பதற்குள் நான் ஏறிவிட்டேன். கல் கையில் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. இந்த மனுஷன் மேல் எனக்கு அப்போது வந்த ஆசை, கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை.

"ரெண்டாவது தடவ கிளட்ச்ச விடறப்போ நீ கொஞ்சம்..." என்று மூச்சு வாங்க ஆரம்பித்தார்.

"கல்ல கீழ போடுங்க" என்றேன். "போட்டுட்டுப் பின் சீட்ல ஏறுங்க."