ஹேண்ட்பிரேக் அம்மா

மருந்துக்கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது அவளுடைய கைப்பேசி அடித்தது. கண் மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் பேசினாள். அவசரமான செய்தியை அவசரமே இல்லாத குரலில் சொன்னாள். கருவிழி ஒன்று கிடைத்திருக்கிறது. பதினொரு மணிக்குள் நோயாளி வந்து சேர வேண்டும். வராவிட்டால் வரிசையில் அடுத்திருப்பவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

தூக்கிய ஷட்டரை அப்படியே இறக்கிப் பூட்டினாள். இந்த ஓர் அழைப்புக்காகப் பதினான்கு மாதங்களாக வீட்டில் ஒரு பை கட்டித் தயாராக இருந்தது. அவள் கணவர் நில அளவையாளர். அங்குலம் பிசகாமல் எல்லை காட்டியவர், ஒரு கண் முழுதாகப் போய் மறு கண்ணில் வெள்ளைத் திரை விழுந்து, இப்போது தேநீர்க் கோப்பையின் பிடியைத் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.

"அவ்வளவு தூரம் நீ தனியா ஓட்டிடுவியா?"

"இல்லன்னா நீங்க ஓட்டறீங்களா? ஏறுங்க பேசாம."

இரண்டு மணி நேரப் பயணம். வழி நெடுக அவர் மணி கேட்டுக்கொண்டே வந்தார். அவள் ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் குறைத்துச் சொன்னாள்.

மருத்துவமனை வாசலை அடைந்தபோது பத்து முப்பத்தைந்து. வண்டி நிறுத்துமிடத்தின் குறுக்கே சங்கிலி போட்டிருந்தது. "உள்ள ஊசி நுழைய இடமில்லம்மா. சாரை இறக்கி விடுங்க, நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க வெளிய எங்கயாவது பாத்து நிறுத்திட்டு வாங்க" என்றார் காவலாளி. அவளுக்கு மனம் வரவில்லை. கண் தெரியாத மனிதரை யாரோ ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போவதா? வண்டியைத் திருப்பினாள்.

பின்பக்கத் தெருவில் மூன்றாவது சுற்று வந்துகொண்டிருந்தாள். தெருவின் ஒரு பக்கம் முழுக்க வண்டிகள், அவற்றை அணைத்தாற்போல் இரண்டாவது வரிசையிலும் நாலைந்து வண்டிகள். லேத் பட்டறை ஒன்றிலிருந்து கையெல்லாம் கிரீஸாக ஒருவர் வெளியே வந்து வண்டியை மறித்தார்.

"ஆஸ்பத்திரிக்கா? மூணு தடவை சுத்திட்டீங்க, எனக்கே தலை சுத்துது. இப்படி ரெண்டாவது வரிசையில விடுங்க. ஆனா நியூட்ரல்ல போட்டு ஹேண்ட்பிரேக்க இறக்கிடணும். உள்ள இருக்கிற வண்டி வெளிய வரணும்னா நாங்க தள்ளி வழி விடுவோம். இந்தத் தெருவுல எல்லாரும் அப்படித்தான்."

அவள் தலையாட்டினாள். வண்டியை நிறுத்தினாள். யாரோ தள்ளுவார்களாமே, எங்கே தள்ளுவார்கள்? எது வரைக்கும்? கை தானாக ஹேண்ட்பிரேக்கைப் பற்றிக் கிறீச்சிட மேலே இழுத்தது. போதாதென்று முதல் கியரில் போட்டாள். பூட்டி, கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். அவசரத்தில் மறந்துவிட்டேன் என்று பின்னால் சொல்லிக்கொள்வது எளிது. ஆனால் அவள் மறக்கவில்லை. நம்பவில்லை.

பத்து ஐம்பத்து மூன்றுக்கு வரவேற்பறையில் கையெழுத்துப் போட்டாள். கணவரை உள்ளே அழைத்துப் போனார்கள். கைப்பேசியை வாங்கி ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். "கூப்பிடற வரைக்கும் எங்கயும் போயிடாதீங்க" என்று நாற்காலியைக் காட்டினாள் செவிலி.

உட்கார்ந்தபோதுதான் அந்தக் கருவிழியை விட்டுப்போன யாரோ ஒருவரை நினைத்தாள். நேற்று வரை எதையோ பார்த்துக்கொண்டிருந்த ஒரு கண். அந்த வீட்டில் யாரோ அழுதுகொண்டே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். யாருக்கு என்று அவர்கள் கேட்கவில்லை. அந்த ஆளை நம்பலாமா என்று யோசிக்கவில்லை.

கூடவே இன்னொரு நினைப்பும் வந்தது. தன் வண்டிக்கு உள்பக்கம் இப்போது யாராவது வெளியே வர முடியாமல் நிற்கிறார்களோ? எழுந்தாள். கூப்பிட்டால் என்ன செய்வது? உட்கார்ந்தாள்.

இரண்டரை மணிக்கு மருத்துவர் வெளியே வந்தார். "நல்லபடியா முடிஞ்சுது. சரியான நேரத்துக்கு வந்தீங்க. நாளைக்குக் கட்டுப் பிரிச்சுட்டு அனுப்பறோம்." அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு கைப்பேசியை வாங்கிக்கொண்டு, வண்டியிலிருந்து துணிப்பையை எடுக்கப் பின்தெருவுக்கு ஓடினாள்.

பட்டறைக்கு முன்னால் வண்டி இல்லை.

தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். பிறகு கண்ணில் பட்டது. பத்தடி தள்ளி, சுவரோரம் கோணலாக நின்றது. அவள் முதலில் குனிந்து பார்த்தது டயர்களை. நான்கிலும் காற்று இருந்தது.

"வாங்க ஹேண்ட்பிரேக் அம்மா!" எதிர்ப்பக்கம் துணி தேய்த்துக்கொண்டிருந்த அக்கா குரல் கொடுத்தாள். "காலையிலேருந்து உங்களுக்கு அதுதான் பேரு."

லேத் பட்டறைக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். "வண்டியா அது, கோயில் தேரு! எட்டுப் பேரு சேந்து குலுக்கிக் குலுக்கித் தூக்கி வெச்சோம். என் இடுப்பு இனிமே என் பேச்சக் கேக்காது."

"எதுக்கு..." என்று ஆரம்பித்தவளுக்கு எதற்கென்று தெரியும்.

"உள்ள நின்னது ஜெராக்ஸ் கடைக்காரர் வண்டி. ஒரு மணிக்கு அவர் பொண்ணைப் பள்ளிக்கூடத்துலேருந்து கூட்டிட்டு வரணும். ஆறு வயசு. மத்த பிள்ளைங்கெல்லாம் போயிட்டா வாசல்ல தனியா நின்னு அழும்."

"அழுதுச்சா?"

"இருபது நிமிஷம்" என்றாள் தேய்ப்புக்கார அக்கா. பொய் சொல்லி ஆறுதல் தர அவளுக்குத் தெரியவில்லை. "ஒருத்தர் கண்ணாடிய உடைச்சு பிரேக்க எடுத்துடலாம்னாரு. நான்தான் விடல. ஆஸ்பத்திரிக்கு ஓடின பொம்பள, என்ன சேதியோட திரும்பி வருவாளோ. வந்ததும் உடைஞ்ச கண்ணாடியப் பாத்தா தாங்குமான்னேன்."

அவள் தன் வண்டியின் மேல் கையை ஊன்றி நின்றாள். இத்தனை வருடமாகத் தன்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒருத்தி மெல்ல உள்ளுக்குள் தலைகுனிவதை உணர்ந்தாள்.

"அக்கா, ஆறு மாசம் முந்தி எங்க வீட்டு வாசல்ல யாரோ காரை நிறுத்திட்டுப் போயிட்டாங்க. நான் எங்கயும் போக வேண்டியதுகூட இல்ல. ஆனாலும் ரெண்டு டயர்ல காத்தப் பிடுங்கி விட்டேன். மாடியில திரைக்குப் பின்னால நின்னு வேடிக்கை பாத்தேன். வயசான ஒருத்தர் வந்தாரு. கையில எக்ஸ்ரே கவர். டயருக்குப் பக்கத்துல கொஞ்ச நேரம் குந்தி உக்காந்தாரு. யாரையும் திட்டல. எழுந்து நடந்து போயிட்டாரு." அவள் தன் வண்டியின் டயரைப் பார்த்தாள். "எங்க போக வேண்டியவரோ. நான் கேக்கவே இல்ல."

"சரி, இங்க வந்து எங்க இடுப்ப ஒடிச்சீங்களே, அதையும் அந்தக் கணக்குல சேத்துக்கோங்க" என்றார் பட்டறைக்காரர். சிரித்துக்கொண்டே ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார். "உக்காருங்க. சாப்பிட்டீங்களா?" அவள் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சாப்பிட்டபின் ஜெராக்ஸ் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். அவர் கோபமாகத்தான் இருந்தார். இருக்க வேண்டியதுதான் என்று அவளுக்கும் தோன்றியது. "உங்க வீட்டுக்காரருக்கு என்னாச்சு?" என்று அவர் விசாரித்தது, அவள் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்த பிறகு, முகத்தைத் திருப்பிக்கொண்டு. மகள் மட்டும் மேசைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்து, "நாளைக்கும் பிரேக் போடுவீங்களா?" என்றாள்.

"மாட்டேன் கண்ணு. சத்தியமா."

மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். எல்லாம் புகைக்குள் இருப்பது போலத்தான் தெரியும், தெளிய மாதங்கள் ஆகும் என்றார்கள். நடந்ததையெல்லாம் அவளிடம் கேட்டிருந்த கணவர் நேராகப் பின்தெருவுக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கருப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து பட்டறைக்காரரை உற்றுப் பார்த்தார்.

"உங்க முகம் சரியாத் தெரியலீங்க."

"தெரிஞ்சா ஏமாந்துடுவீங்க, சார். மெதுவாப் பாத்துக்கலாம்."

அவர் சிரித்தார். பதினான்கு மாதங்களில் அவள் அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கவில்லை.

"உங்களுக்கெல்லாம் நான் எப்படி நன்றி சொல்லப் போறேன்?" என்றாள் அவள். "நீங்க இடம் கொடுக்கலைன்னா அந்தக் கண்ணு இவருக்கு வந்திருக்காது. அதைக் கொடுத்தவங்க யாருன்னும் தெரியாது. யார்கிட்டப் போய் எதைத் திருப்பிக் கொடுக்கிறது?"

தேய்ப்புக்கார அக்கா மடித்த சட்டையை அடுக்கின் மேல் வைத்துவிட்டு அவளை நேராகப் பார்த்தாள்.

"எங்களுக்கு ஒண்ணும் திருப்ப வேணாம்மா. நாங்க உங்க ஊருக்கு வந்து வண்டி நிறுத்தப் போறதில்ல. அங்க வேற யாராவது வருவாங்க, அவங்களும் அவசரத்துலதான் வருவாங்க. அவங்களுக்குச் செய்யுங்க. வண்டிய எங்க நிறுத்தறோங்கறது நம்ம அவசரம். எப்படி நிறுத்தறோங்கறதுல அடுத்தவங்க அவசரத்துக்கும் இடம் விடணும். அவ்வளவுதான்."