கழுவிய குடுவைகள்

"அக்கா... தூங்கிட்டியா?"

உலோமா தூங்கவில்லை. கைக்குழந்தை இப்போதுதான் மார்பை விட்டிருந்தது. தங்கை அடான்மா பாயோரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினாலு வயசு. அக்காவுக்குப் பிள்ளை பிறந்ததும் ஒத்தாசைக்கென்று பட்டணத்திலிருந்து வந்தவள்.

"என்னடி? காய்ச்சலா?"

"தப்புப் பண்ணிட்டேன்கா. அத்தானோட கள்ளுக் குடுவைங்களக் கழுவிட்டேன்."

"வெளியிலதானே?"

"உள்ள. சோப்புத் தூள், மணல் எல்லாம் போட்டு. ஒரே நாத்தமா இருந்துச்சு. அடியில கட்டிகட்டியா மண்டி... சொரண்டி எடுத்துக் கொட்டிட்டேன்."

"எத்தனை குடுவை?"

"பன்னெண்டும்."

உலோமா வாயில் கை வைத்துக்கொண்டாள். பாளையிலிருந்து சொட்டுகிற இனிப்பு நீரை இரவோடு இரவாகப் புளிக்கவைத்துக் கள்ளாக்குவதே அந்த மண்டிதான். மாலையில் கிணற்றடியில் அடான்மா தன் வேலையைப் பற்றிப் பெருமையடித்தபோது பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது. அதற்குள் அத்தான் ஒகோரி பன்னிரண்டையும் மரத்தில் கட்டிவிட்டு இறங்கியிருந்தான். அன்றைக்கு அவனுக்குக் கடும் ஜலதோஷம். மோந்து பார்த்தும் தெரியவில்லை.

விடிந்தால் கல்யாணக் கள் சுமக்கும் நாள். ஒகோரி இறக்கும் கள்ளை மாப்பிள்ளை வீட்டார் குடம் குடமாய்க் கொண்டுபோய் வைக்க, பெண்ணின் பெரியப்பா ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். புளிப்பேறாத கள் என்றால் துப்பிவிடுவார். 'எங்க பொண்ணுக்குத் தண்ணியா கொண்டாந்தீங்க?' என்று பேச்சே நின்றுபோகும். அப்படியாகிவிட்டால் ஒகோரியிடம் இனி எந்த வீட்டார் கள் சொல்லுவார்கள்?

"அத்தான் என்னைக் கொன்னே போட்டுடுவாருக்கா."

"சத்தம் போடாதே. அவர்கிட்ட நான் மெல்லமா..."

"ஒண்ணும் சொல்ல வேணாம்." சுவரோரம் இருட்டிலிருந்து குரல் வந்தது. "எனக்கு அடைச்சிருக்கிறது மூக்கு. காது இல்ல."

அடான்மாவுக்கு உயிரே போய்விட்டது. ஒகோரி எழுந்து மூக்கைச் சிந்தினான். கோபமா இல்லையா என்று இருட்டில் தெரியவில்லை.

"சோப்பு போட்டியே, அலசினியா?"

"ஏழு தண்ணி, அத்தான்."

"வாசம் போயிருந்துச்சா?"

"போயிடுச்சு. சத்தியமா."

"அப்ப பொழச்சோம். சோப்பு வாசம் மட்டும் ஏறியிருந்துச்சுன்னா பன்னெண்டையும் ஆத்துல கொட்ட வேண்டியதுதான். இப்ப இருக்கிறது இனிப்புத் தண்ணி, அவ்வளவுதான். விடிகாலைல எறக்கி, பழைய மண்டி கலந்து வெயில்ல வச்சா, சனம் கூடுறதுக்குள்ள ஏறிடும்." சட்டையைத் தேடினான். "டார்ச்ச எடுத்துக்கிட்டு வா, மகாராணி. வீட்டு மண்டியத்தான் நீ கொட்டிட்டியே. இன்னொருத்தர் வாசல்ல போய் நிக்கணும்."

ம்பெக்கே அம்மாவின் கள்ளுக்கடையில் இன்னும் மூன்று பேர் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அடான்மா வாசலுக்கு வெளியே வாழை மறைவில் நின்றுகொண்டாள்.

"மண்டியா? இந்நேரத்துலயா?" ம்பெக்கே இடுப்பில் கை வைத்தாள். கல்யாணமான ஆம்பளைக்குத் தெம்பு தருவது மண்டி என்று அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "ஏன்டா ஒகோரி, மூத்தது இன்னும் குப்புறக்கூட விழலையே! அதுக்குள்ள அடுத்த தொட்டிலா?"

குடிகாரர்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். "ஒரு கிண்ணம் போதாது, பானையோட குடு!" என்று ஒருவன் கத்தினான்.

'இப்போ சொல்லிடுவாரு. மச்சினிதான் கழுவிட்டான்னு சொல்லிடுவாரு. கிணத்தடியோட போகாம, நாளைக்கு ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும்' என்று அடான்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஆமாம்மா," என்றான் ஒகோரி. "ஒடம்புக்கு முடியல. தெம்பு வேணும். பானையோடவே குடுங்க."

வரும் வழியெல்லாம் பானையை அவன்தான் சுமந்தான். ஒரே ஒரு தடவை, "சிந்தாம டார்ச்சப் புடி," என்றான். டார்ச்சை எப்படிச் சிந்துவது என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

விடிகாலையில் இறக்கியபோது கள் பச்சைப்பிள்ளைக்குக் கொடுக்கலாம் போல இனித்தது. பானைகளில் ஊற்றி, மண்டியைக் கலந்து வெயிலில் வைத்தார்கள். அடான்மா பானைகளை விட்டு நகரவில்லை. பொழுது ஏற ஏற முதல் பானையில் குமிழ் விட்டது. அப்புறம் எல்லாமே நுரைத்துக்கொண்டு மூடியைத் தள்ளின.

மத்தியானம் கல்யாணப் பந்தலில் பெண்ணின் பெரியப்பா கிண்ணத்தைக் கையில் வாங்கினார். மேளம் நின்றது. ஒரு வாய் குடித்தார். வாயிலேயே வைத்திருந்தார். அடான்மா உலோமாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியவர் விழுங்கினார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"யார் எறக்கினது இது?"

"நான்தாங்க," ஒகோரி முன்னால் வந்தான்.

"தலையில கல்லால அடிச்ச மாதிரி இருக்குடா பாவி," என்று சொல்லி, மிச்சத்தையும் குடித்துவிட்டுக் காலிக் கிண்ணத்தை மறுபடி நீட்டினார் பெரியவர்.

மேளம் வெடித்தது. ஆட்டத்துக்குப் பெண்கள் எழுந்தார்கள். அடான்மாவும் ஆடத்தான் நினைத்தாள். பந்தல் காலில் ஒரு நிமிஷம் சாய்ந்தாள். அத்தனை சத்தத்திலும் அப்படியே தூங்கிப்போனாள்.