சீக்காளி அறைக்கு ஒரு பாட்டில் தண்ணீர்

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், என் கண்ணுகளா. காலை வசதியாக நீட்டிக்கொள்ளுங்கள். பாசம் பொங்கி வழிந்து வேலையே பறிபோகப் பார்த்த ஒரு கொழுந்தனின் கதை இது.

ஆராய்ச்சிக்கூடத்தின் பின்புறம் அடுத்தடுத்து இரண்டு கண்ணாடி அறைகள். ஒன்றில் நோய்நொடி இல்லாத வெள்ளரிச் செடிகள், அண்ணி பொறுப்பு. மற்றதில் கூடத்தின் தலைவியான மேடமே வேண்டுமென்று வைரஸ் ஏற்றிய வெள்ளரிச் செடிகள், கொழுந்தன் பொறுப்பு. இலையெல்லாம் மஞ்சள் திட்டு, முகமெல்லாம் சுருக்கம். எல்லோருக்கும் அது சீக்காளி அறை.

தண்ணீர் வற்றினால் நோயாளிச் செடி என்ன செய்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. அதனால் இரண்டு அறைக்கும் குழாயில் தானாகவே இறங்குவது ஒரே அளவு, நாக்கை நனைக்கிற அளவுதான். கொழுந்தனுக்கு மனசு கேட்கவில்லை. காய்ச்சல்காரனைத் தாகத்தில் தவிக்க விடுவார்களா? மதியமானால் தன் குடிதண்ணீர் பாட்டிலைத் திருட்டுத்தனமாக வேரில் கவிழ்த்துவிடுவான். அவ்வளவு குடித்தும் அதுகள் தேறவில்லை.

மேடம் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "வாடுறதுல ரெண்டு அறைக்கும் வித்தியாசமே இல்லையே. புதுச் செடி வைக்கிறேன். கோடை வெயில் உச்சிக்குப் போய் இறங்கட்டும். அப்பவும் இப்படித்தான்னா இந்த அறையை மூடிட்டு உங்களைக் கணக்குப் பிரிவுக்கு மாத்திடுவேன்."

கூட்டலுக்குக் கால்விரலையும் துணைக்கு அழைப்பவன் கொழுந்தன். இனி இரண்டு பாட்டிலாக ஊற்றுவது என்று முடிவு செய்தான்.

அன்றைக்கென்று பார்த்து அண்ணி படியில் கால் பிசகி வீட்டில் படுத்துவிட்டாள். அவள் அறையும் இவன் தலையில் விழுந்தது. அங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு: சீக்காளி அறைக்குள் போய்வந்தவர் அன்று முழுக்க நல்ல அறைக்குள் கால் வைக்கக் கூடாது. நோய் ஒட்டிக்கொண்டு போய்விடும். ஆகவே நல்ல அறை வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் அந்தப் பக்கம் போக முடியும்.

அண்ணி முடிக்க விட்டால்தானே? படுத்தபடியே போன் அடித்தாள்.

"தம்பி, பெரியவ எப்படி இருக்கா?"

"எந்தப் பெரியவ, அண்ணி?"

"ஜன்னலோரமா நிக்கிறாளே, அவதான். கம்பியைப் பிடிச்சிருக்காளா?"

"பிடிச்சிருக்கா."

"இறுக்கமாவா, சும்மா பேருக்கா?"

"அண்ணி, அது செடி. பஸ்ல தொங்கிட்டுப் போகலை."

"உனக்கு உன் சீக்காளிங்கதான் உசத்தி. போய்ப் பாத்துட்டுச் சொல்லு."

போனை வைத்தால் அடுத்த போன். மாலை மணி அடிக்கும்வரை நல்ல அறைதான். வெயில் கொளுத்திய நாளெல்லாம் இதே கூத்து. கொழுந்தன் கண்ணாடிக்கு வெளியே நின்று, பாட்டிலைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சிடுங்கடா" என்று முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குப் போவான்.

மேடம் வந்தார். அண்ணியும் நொண்டிக்கொண்டே வந்தாள். நல்ல அறைச் செடிகள் பிழியாத துணி மாதிரி தொங்கின. கொழுந்தன் துக்க வீட்டு முகத்தோடு சீக்காளி அறையைத் திறந்தான்.

அதுகள் விறைப்பாக நின்றுகொண்டிருந்தன. அதே திட்டு, அதே சுருக்கம். ஒன்றுகூடத் தலை சாயவில்லை.

"என்ன பண்ணினீங்க?" என்றார் மேடம்.

"இந்தத் தடவை ஒண்ணுமே பண்ணலை மேடம். போன தடவைதான் திருட்டுத் தண்ணி ஊத்தினேன்." வாய் தவறி உண்மை வந்துவிட்டது.

மேடம் முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "அதான் ஒண்ணும் தெரியாமப் போச்சு. தண்ணி தாராளமா இருந்தா வைரஸ் செடிக்குப் பாரம். தண்ணி வத்தினா, அதே வைரஸால செடி ஈரத்தைச் சிக்கனமா செலவழிக்குது."

"நம்ம சித்தப்பா மாதிரி," என்றாள் அண்ணி. "சும்மா நாள்ல சட்டியைக் காலி பண்ணிட்டுத் தூங்குவாரு. கரண்ட் போனா அவர்தான் எழுந்து ஃபியூஸ் போடணும்."

"அப்ப என்னோட வேலை, மேடம்?"

"இங்கேயேதான். ஒண்ணுமே பண்ணாதீங்க. அதான் வேலை."

"அதுல இவனை மிஞ்ச ஆளே கிடையாது மேடம். வீட்ல பாத்திரம் கழுவச் சொல்லிப் பாருங்க," என்றாள் அண்ணி.

கொழுந்தனுக்குத்தான் அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று தெரியும். மதியமானால் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, செடிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவான்.

உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வற்றாதிருக்கட்டும், கண்ணுகளா. வெயில் உங்கள் கூரைமேல் இதமாக இறங்கட்டும். படுத்திருப்பவர் எழுந்து நடக்கட்டும். அழையாமல் உள்ளே நுழைந்ததுகூட உங்களுக்கு நல்லதையே செய்யட்டும்.