தொண்ணூறு கிராம் சோறு

தராசு தொண்ணூற்று நான்கு என்று காட்டியது. அம்பிகை கரண்டி நுனியால் கொஞ்சம் சோற்றை நுள்ளி எடுத்துப் பானைக்குள் திரும்பப் போட்டாள். தொண்ணூற்றிரண்டு. மறுபடியும் நுள்ளினாள். தொண்ணூற்றொன்று. அதற்கு மேல் அவள் கை போகவில்லை.

"ஒரு கிராம்தான் கூடக் கிடக்கு. எடுக்கட்டோ, இல்லாட்டிக் காகத்துக்கு வச்சதெண்டு நினைச்சு விடட்டோ?"

சோதிலிங்கம் எட்டி, இரண்டு விரலால் தானே கிள்ளி எடுத்துப் போட்டார். தொண்ணூறு விழுந்த பிறகுதான் கதிரையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சோறு ஓர் உள்ளங்கைக் குழிக்குள் அடங்கும். பக்கத்தில் வேகாத கரட், வேகாத கோவா, வேகாத கீரை, மஞ்சள் கரு நீக்கிய இரண்டு முட்டை.

"உது மனிசன் சாப்பிடுற சாப்பாடே? உந்தக் கீரையை ஆடு கூட ஒருக்கா யோசிச்சுத்தான் தின்னும்."

"லாஷாலோ, மம்மா. அவரை விடுங்கோ," என்றாள் கேசிகா, கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் இருக்கும் மகள். "அப்பா கம்பியோனே."

பகடிதான். என்றாலும் 'சம்பியன்' என்ற அந்தச் சொல் சோதிலிங்கத்துக்குத் தொண்டைக்குள் இனித்துக்கொண்டு இறங்கியது.

அவருக்கு நாற்பத்தேழு வயது. பலெர்மோவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். குடியிருப்பது சீசாப் பகுதியில் மூன்றாம் மாடி. வந்ததிலிருந்து வேலை லிபெர்த்தா வீதியில், சிஞ்ஞோரா என்று அவர் கூப்பிடுகிற ஒரு வயதான சீமாட்டியின் வீட்டில். சமையல், துடைப்பு, மருந்து, லிப்ட் பழுதானால் சிஞ்ஞோராவைத் தாங்கி ஏற்றுவது எல்லாம் அவர்தான். சோதிலிங்கம் என்ற பெயர் சிஞ்ஞோராவின் வாயில் முதல் நாளே 'லீனோ' ஆகிவிட்டது. ஆறு வருடத்துக்கு முன் சிஞ்ஞோராவின் மகன் பல்கனியில் துருப்பிடிக்க விட்டிருந்த பந்தய சைக்கிளை, எறிவதற்குப் பதிலாக அவரிடம் கொடுத்தார். அதைக் கழுவித் திருத்தி ஓட்டத் தொடங்கியவர், மெல்ல மெல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கழகத்துக்குள் போய்ச் சேர்ந்தார். பல் வைத்தியர் ஒருவர், வங்கிக்காரர் ஒருவர், வாத்திமார் இரண்டு பேர் என்று எல்லாரும் அவரைப் போன்றவர்களை வேலைக்கு வைக்கிற, கதவுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள். அங்கேயும் அவர் லீனோதான். ஆனால் பெல்லெக்ரீனோ மலையில் ஏறும்போது பல் வைத்தியர் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலிருந்து கூப்பிடுவார்: "லீனோ, மெதுவாப் போ, உனக்குப் புண்ணியமாப் போகும்." இந்த நகரத்தில் ஒருவர் அவரிடம் கெஞ்சிக் கேட்டது அது ஒன்றுதான். அந்த ஒரு வசனத்துக்காகவே அவர் வாரம் முழுக்க உழைக்கத் தயாராக இருந்தார்.

ஏப்ரலில் எத்னா மலையைச் சுற்றி ஒரு பந்தயம் இருந்தது. கழகத்திலிருந்து எட்டுப் பேர் போவார்கள். பெப்ரவரியின் கடைசி ஞாயிறு, பெல்லெக்ரீனோ மலையடிவாரத்திலிருந்து மேலே றொசாலியா அம்மா என்ற புனிதையின் கோயில் வாசல் வரைக்கும் இருபத்தெட்டு நிமிடத்துக்குள் ஏறுகிறவர்களுக்கு இடம். ஒக்டோபரில் சோதிலிங்கம் இருபத்தொன்பதில் ஏறினார். பயிற்சி கொடுக்கிற மருந்துக்கடைக்காரர் கஸ்பாரே, ஒரு குளிர்காலம் ஒழுங்காக இருந்தால் அந்த ஒரு நிமிடம் தானாக உதிரும் என்றார். எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு தாளும் கொடுத்தார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது. கேசிகாவின் பள்ளிச் சோதனை முடிந்ததும் ஜூனில் குடும்பத்தோடு லண்டனுக்கு, அம்பிகையின் தமையன் வீட்டுக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. சைக்கிளைப் பற்றி ஒருமுறை மெல்லக் கேட்டுப் பார்த்தார். "அங்கத்தை மழைக்கை உதை ஆர் ஓடுறது? ஆருக்கும் குடுத்திட்டு வாங்கோ," என்றாள் அவள். ஆகையால் இருந்தது இந்த ஒரு வசந்தம்தான்.

தாள் இத்தாலிய மொழியில் இருந்தது. அதற்கு அவர் பயப்படுகிற ஆளில்லை. சீசாவில் இருக்கிற தமிழ்ச் சனம் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி விண்ணப்பம், பள்ளிக்கூடக் கடிதம், காஸ் பில் என்று எந்தக் கடதாசியென்றாலும் அவரிடம்தான் கொண்டுவரும். இரண்டு தரம் வாசித்து, மூன்றாம் தரம் பேனையோடு வாசித்து, எழுதிக் கொடுப்பார். கெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலிருந்து அவர் நிரப்பிய படிவம் திரும்பி வந்ததில்லை. அப்படியே இந்தத் தாளையும் கோடு போட்டு, தலைப்புகளைச் சிவப்பு மையிலும் மற்றதை நீல மையிலும் தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். இரவுச் சாப்பாட்டுக்கு 'பஸ்தா அல்லது ரீசோ, 90 கிராம்' என்று இருந்தது. பஸ்தாவை விட்டார், இருபத்திரண்டு வருடம் பிறருக்கு அவித்த சாமானை விழுங்க அவருக்கு மனம் வராது. ரீசோ என்ற இடத்தில் 'சோறு' என்று எழுதினார். தாளின் அடியில் சின்ன எழுத்தில் 'அ க்ரூதோ' என்று இருந்தது. க்ரூதோ என்றால் பச்சை, வேகாதது. இறைச்சிக் கடையில் வேகாத பன்றித் தொடைக்கு அதுதான் பெயர். எனவே அது மரக்கறிக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு, 'மரக்கறி: பச்சையாக' என்று எழுதி அதன் கீழே கோடும் போட்டார்.

முதல் நாள் அம்பிகை தாளைப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டாள். "தொண்ணூறு கிராம் சோறோ, அரிசியோ?"

"சோறு எண்டு எழுதிக் கிடக்கிறது கண்ணுக்குத் தெரியேல்லையோ? ஆரும் அரிசியைச் சாப்பிடுறவையே? நீர் என்ன, கஸ்பாரேயை விடப் படிச்சனீரோ?"

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

நவம்பர் முழுக்க விடியற்காலையில் ஃபவோரீத்தாப் பூங்காவைச் சுற்றி மெதுவான சைக்கிள் ஓட்டம். நாடித்துடிப்பு நூற்றுமுப்பதைத் தாண்டக் கூடாது. மழை நாட்களில் சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்கிற உருளைகளில் ஏற்றி, முன்வீட்டுக்காரியின் உள்ளாடைகள் காய்கிற கொடியைப் பார்த்தபடி பல்கனியில் ஒரு மணித்தியாலம் மிதித்தார். டிசம்பர் பதின்மூன்று, லூச்சியாப் புனிதையின் நாள். ஊரே பாணைத் தொடாமல் சோற்றுருண்டைப் பொரியலான அரஞ்சீனாவைத் தின்கிற நாள். சிஞ்ஞோரா ஒன்றை அவருடைய கையில் வைத்தபோது அதன் பாரத்தை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார். இரண்டரை நாள் சோறு. கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தைப்பொங்கலுக்குப் பொங்கலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியதோடு சரி. ஒரு நாள் அம்பிகை கீரைக்கு அடியில் ஒரு பிடி சோற்றை ஒளித்து வைத்திருந்தாள். கண்டுபிடித்து ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டு நாள் அவளோடு கதைக்காமல் இருந்தார்.

ஜனவரியில் மலைப் பயிற்சி தொடங்கியபோது கால் பஞ்சுபோல் இருந்தது. அதுதான் பயிற்சி வேலை செய்கிறதுக்கு அடையாளம் என்று நினைத்தார். சிஞ்ஞோராவின் குளியலறையைத் துடைத்துவிட்டு எழும்பும்போது கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடுப்புப்பட்டியில் புது ஓட்டை போட்டுக் காற்சட்டையை இறுக்கினார். ஏழு கிலோ குறைந்திருந்தது. பாரம் குறைந்தால் மலையும் தாழ்ந்துவிடும் என்று கணக்குப் போட்டார். ஏறுகிற நேரமோ முப்பது நிமிடம், முப்பத்தொன்று என்று கூடிக்கொண்டே போனது. அவர் ஒழுங்கான மனிதர். ஒழுங்கான மனிதர் செய்வதைத்தான் செய்தார். பயிற்சியை அரை மணித்தியாலம் கூட்டினார்.

பெப்ரவரியின் அந்தக் கடைசி ஞாயிறு காற்றில்லை, வெயில் இதமாக இருந்தது. குற்றம் சொல்ல வானத்தில் ஒன்றும் இல்லை. வழமைபோல் எங்கடை சனம் கால்நடையாகக் கோயிலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. முதல் மூன்று வளைவும் அவர் பல் வைத்தியரின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே போனார். நாலாவதில் அந்தச் சக்கரம் ஒரு முழம் தள்ளிப் போனது. பிறகு ஒரு சைக்கிள் நீளம். பிறகு வளைவைத் திரும்பியபோது முன்னால் ஒருவருமில்லை. காலுக்கு மிதி என்று சொன்னார்; காலுக்குக் கேட்கவில்லை. ஐந்தாவது வளைவில், எப்போது இறங்கினோம் என்றே தெரியாமல், ஒரு கால் நிலத்தில் ஊன்றியிருந்தது.

வுச்சீரியாச் சந்தையில் உணவகமொன்றில் பாத்திரம் கழுவுகிற ஏர்னஸ்ற் நேர்த்திக்கு வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தான். "சோதியண்ணை! என்ன, றொசாலியா அம்மா வழியிலையே காட்சி தந்திட்டாவோ?" என்று தொடங்கியவன், கிட்ட வந்து முகத்தைப் பார்த்ததும் பகடியை விட்டான். "என்னண்ணை இது, கன்னம் ரெண்டும் குழி விழுந்து போய்க் கிடக்கு. ஏதும் வருத்தமோ?"

"ஒண்டுமில்லை. நீ போ."

ஏர்னஸ்ற் பையிலிருந்து வாழைப்பழம் ஒன்றை எடுத்து நீட்டினான்.

"வேண்டாம்," என்றார் சோதிலிங்கம். "இந்த நேரத்துக்குப் பட்டியல்ல பழம் இல்லை."

கோயில் வாசலுக்கு வந்தபோது முப்பத்தாறு நிமிடம். கஸ்பாரே நேரத்தை எழுதவில்லை. பேனையை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு அவருடைய தோளில் கைவைத்தார். தோளெலும்பு தட்டுப்பட்டதாலோ என்னவோ, கையை உடனே எடுத்துவிட்டார். "வயசு, லீனோ," என்றார். "எல்லாருக்கும் ஒரு நாள் வரும்." பல் வைத்தியர் தன்னுடைய போத்தல் தண்ணீரை அவருக்குக் கொடுத்தார். மெதுவாகப் போ என்று இனி அவர் கேட்க மாட்டார்.

வயது என்றால் வயது. அன்றிரவு அவர் நன்றாகவே நித்திரை கொண்டார்.

திங்கட்கிழமை சிஞ்ஞோராவுக்கு வயிறு சரியில்லை. சோறு ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று வாழ்நாள் முழுக்கத் தள்ளி வைத்திருந்தவர், வேறு வழியில்லாமல், வெறும் ரீசோ அறுபது கிராம் அவித்துத் தரச் சொன்னார். சோதிலிங்கம் அவித்து, வடித்து, பீங்கானைத் தராசில் வைத்துச் சுழியமாக்கி, சரியாக அறுபது கிராம் போட்டுக் கொண்டுபோய் வைத்தார். சிஞ்ஞோரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பீங்கானைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"லீனோ, எனக்கு வயிறுதான் சரியில்லை. நான் இன்னும் சாகேல்லை."

"அறுபது கிராம், சிஞ்ஞோரா. நிறுத்தனான்."

"எப்பிடி நிறுத்தனீ? அவிச்சுப் போட்டோ?" சிஞ்ஞோரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அ க்ரூதோ, லீனோ! நிறுக்கிறது அ க்ரூதோ. அவிக்க முதல். இருபத்திரண்டு வருஷமா என்ரை பஸ்தாவை எப்பிடி நிறுக்கிறாய்?"

அவர் சமையலறைக்குத் திரும்பி வந்து குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் நின்றார். பஸ்தாவைக் காய்ந்தபடிதான் நிறுத்தார், இருபத்திரண்டு வருடமும், ஒவ்வொரு நாளும். அதை அவிப்பதற்கு முன்னும் பஸ்தா, அவித்த பின்னும் பஸ்தா. அரிசிக்கும் சோற்றுக்கும் இத்தாலியருக்குச் சொல் ஒன்றுதான். இரண்டு சொல் இருந்தது அவருக்கு. இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்தவரும் அவர்தான், சிவப்பு மையும் நீல மையும் வைத்துக்கொண்டு. நாலு மாதமாக மூன்றில் ஒரு பங்கைச் சாப்பிட்டுக்கொண்டு, அதிலும் ஒரு கிராம் கூடிவிடக் கூடாதென்று பருக்கை பொறுக்கியிருக்கிறார். ஊசி போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு உலக்கை போனது தெரியவில்லை.

கஸ்பாரேக்கு எழுதலாம் என்று கைபேசியை எடுத்தார். எந்தக் கடிதத்துக்கும் திணறாத கை திணறியது. நான் ரீசோவை ரீசோ என்று நினைத்துவிட்டேன் என்றல்லவா எழுத வேண்டியிருக்கிறது. அவித்தது, அவிக்காதது என்று சேர்த்து எழுதிப் பார்த்தார். மூளை பிசகினவன் எழுதினது போல இருந்தது. அந்தப் பிழை தமிழில் மட்டும்தான் நடந்திருக்கிறது. அழித்தார். அழித்துக்கொண்டிருக்கும்போதே கழகத்தின் குழுவில் எட்டுப் பெயர்கள் வந்து விழுந்தன. கீழே கைதட்டல் படங்கள் வரிசையாக வந்தன. அவரும் ஒன்று அனுப்பினார். சரியாகச் சாப்பிட்டிருந்தால் ஏறியிருப்பாரா? ஏறாமலும் போயிருக்கலாம். வயதாகவும் இருக்கலாம். அது இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கூட மாற்றாமல் அரிசிப் பேணியை எடுத்தார். சின்னக் கிண்ணத்தைத் தராசில் வைத்துத் தொண்ணூறு கிராம் அரிசி போட்டார். கழுவி அடுப்பில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். பக்கத்தில் அம்பிகை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வெந்ததும் தட்டைத் தராசில் வைத்துச் சுழியமாக்கிச் சோற்றைக் கொட்டினார். அது கொட்டிக்கொண்டே இருந்தது. இருநூற்றைம்பது.

அம்பிகை எண்ணைப் பார்த்தாள். ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். நவம்பரில் கேட்ட கேள்வியை அவள் மறந்திருக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

"ஆறப் போகுது," என்றாள் அவள். "இருந்து சாப்பிடுங்கோ."

கறி விடுவதற்கு அவர் விடவில்லை. வெறும் சோற்றையே பிசைந்து சாப்பிட்டார். முதல் வாய் இனித்தது. ஐந்தாறு வாய் போனதும் உள்ளே ஏதோ கதவைச் சாத்தியதுபோல் ஆயிற்று. இன்னொரு வாயை உருட்டிக் கையில் வைத்திருந்தார். வாய் வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பத் தட்டில் வைத்தார். இன்னொரு தரம் கொண்டுபோனார்.

"காணுமப்பா. வில்லங்கப்பட்டுச் சாப்பிடாதேங்கோ."

அவள் தட்டை எடுத்தாள். நாலு மாதத்துப் பழக்கமோ என்னவோ, வெறுங்கிண்ணத்தைத் தராசில் வைத்துச் சுழியமாக்கி, மிச்சச் சோற்றை அதற்குள் வழித்துப் போட்டாள். நூற்றறுபது. சோதிலிங்கம் அந்த எண்ணைப் பார்த்தார். இருநூற்றைம்பதிலிருந்து அதைக் கழிக்கக் கூடாது என்றுதான் நினைத்தார், அதற்குள் கழித்துவிட்டார். தொண்ணூறு. கிண்ணத்திலிருந்து ஆவி இன்னும் மெல்லிதாக எழும்பிக்கொண்டிருந்தது. இருவரில் ஒருவரும் தராசைத் தொடவில்லை. சற்று நேரத்தில் அது, யாரும் தொடாவிட்டால் அப்படித்தான் செய்யும், தானாகவே அணைந்தது.