பனியை வழிக்கச் சொன்ன உத்தரவு

எங்கள் நாற்றுப் பண்ணைத் தலைவர் ரொதியோன் சவேலிச், அதற்கு முன் பால் பண்ணைக்குத் தலைவராக இருந்தவர். மரத்தில் அவருக்குப் பழக்கமானது நாற்காலி மட்டும். சைபீரியாவில் ஜனவரிக் கடைசி, மைனஸ் முப்பத்தாறு. நாற்று வளர்க்கும் கபித்தலீனாவையும் டிராக்டர் ஓட்டும் என்னையும் கூப்பிட்டனுப்பினார்.

"நாளைக்கு நகரத்துலேர்ந்து பெரிய அதிகாரி வர்றார். பைன் நாத்தைப் பார்க்கணுமாம். பாத்திப் பனியை வழிச்சுப் போடுங்க."

"அதுங்களுக்கு அதுதான் போர்வை, ரொதியோன் சவேலிச்," என்றாள் கபித்தலீனா. "எடுத்தா விடியறதுக்குள்ள வேர் செத்துடும்."

"சைபீரியாவுல பொறந்ததுக்குக் குளிருமா? ஸ்வெட்டர் பின்னிப் போடேன்!"

எலிக்குத் தப்பிய விதை, அணிலுக்குத் தப்பிய முளை என்று இரண்டு வருஷம் அவள் வளர்த்தவை. காட்டுத்தீயில் கருகிய மலைச்சரிவுக்கு வசந்தத்தில் போக வேண்டியவை. செத்தால் மறுபடி விதையிலிருந்துதான்.

வெளியே வந்ததும், பைன் பாத்திக்குப் பக்கத்திலிருந்த காலிப் பாத்தியைக் காட்டினாள். "எர்மலாய், இதை வழி."

"இதுல ஒண்ணுமில்லையே."

"நாளைக்கு இருக்கும்."

புத்தாண்டுக்கு அலங்கரித்து, முடிந்ததும் வீசியெறிந்த ஸ்ப்ரூஸ் மரம், பைன் போலவே ஊசியிலை உள்ளது, அலுவலகத்தின் பின்னால் கிடந்தது. விரல் நீளக் கிளைகளாக ஒடித்து, மிச்சப் பனியில் நட்டுத் தண்ணீர் ஊற்றினோம். நிமிஷத்தில் பனிக்கட்டி கவ்விக்கொண்டது. நிஜ நாற்று ஒருநாளும் அத்தனை வரிசையாக நிற்காது.

"என்ன கம்பீரம்! காத்துக்கு அசையுதா பாருங்க!" என்றார் மறுநாள் வந்த அதிகாரி. அசையவில்லைதான். தன் அறைக்கு ஒன்று கேட்டார். கோடரியால் பனிக்கட்டியோடு பெயர்த்துத் தொட்டியில் வைத்துக் கொடுத்தேன். மார்ச்சில் அவரிடமிருந்து கடிதம் வந்தது: மூன்று விரற்கடை வளர்ந்திருக்கிறதாம்.

மே மாதம் பனி உருகியபோது நிஜப் பாத்தியில் அநேகமாக எல்லாமே பிழைத்திருந்தன. அதிகாரி பார்த்த பாத்தி அதுதான் என்று நினைத்து ரொதியோன் சவேலிச் பூரித்துப்போனார்.

"பார்த்தியா? வழிச்சதாலதான் உரமேறியிருக்கு. அடுத்த குளிர்காலம் எல்லாப் பாத்தியும் வழிக்கணும். உத்தரவு போட்டாச்சு."

கபித்தலீனா நடந்ததை அப்படியே சொல்லிவிட்டாள். நான் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தலைவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மேசையிலிருந்து அதிகாரியின் கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"ஒடிச்ச கிளை வளருமா, கபித்தலீனா? கையெழுத்து இருக்கு, முத்திரை இருக்கு."

பாத்தியோரம் அவள் வெகுநேரம் குந்தியிருந்தாள். "பொய்யை நட அரை நாள்கூட ஆகல. பிடுங்கத்தான் முடியல," என்றாள். பிறகு மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"டிராக்டரை எடு, எர்மலாய். இன்னிக்கே எல்லாத்தையும் மலைக்கு ஏத்திடுவோம். அங்க பனி, பெஞ்ச இடத்துலயே கெடக்கும்."